கேள்வி–பதில்: வீடு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம்

கேள்வி: அரசு வீடுகள், பள்ளிகளின் ஏற்றத்தாழ்வு பற்றி ஒரு புலனாய்வுப் பாட்காஸ்ட் செய்ய இருக்கிறோம். எங்கே தொடங்கலாம்?
– இளைஞர் குழு, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பள்ளிக்கு வரும் பணத்திலிருந்து தொடங்குங்கள். அரசுப் பள்ளிகளை வறுமை அளவுப்படி ஐந்து குவிண்டைல்களாக, அதாவது ஐந்து பிரிவுகளாக, பிரித்திருக்கிறார்கள்; முதலாவது மிக ஏழ்மையானது. முதல் மூன்றில் கட்டணம் கிடையாது. 2023-இல் அவற்றுக்கு மாணவர் ஒருவருக்கு அரசு வைத்த இலக்குத் தொகை 1,602 ராண்ட், நான்காவதற்கு 803, ஐந்தாவதற்கு வெறும் 277. ஆசிரியர் சம்பளம் இதில் சேராது.

இந்த வரிசையைப் பள்ளி நிற்கும் வட்டாரத்தின் வருமானம், வேலையின்மை, கல்வி நிலையை வைத்துப் போடுகிறார்கள். பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பது கணக்கில் இல்லை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வெளியேற்றப்பட்ட இந்தியர்களுக்கு 1960-களில் கட்டிய கவுன்சில் (நகராட்சி) வீடுகளுக்கு நடுவே ஒரு பள்ளி இருக்கும். சாட்ஸ்வொர்த்தின் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியின் தகரக் குடிசையிலிருந்து நடந்து வரும் பிள்ளையும் அங்கே படிக்கும். பள்ளியோ கட்டணப் பள்ளி. இது பெரிய அநியாயம். உங்கள் முதல் பகுதி இதுவாகவே இருக்கட்டும்.

பெற்றோரிடம் கட்டண விலக்கு பற்றித் தவறாமல் கேளுங்கள். அரசின் குழந்தை உதவித்தொகை வாங்கும் குடும்பத்துக்கு முழு விலக்கு உண்டு. கட்டணம் கட்டவில்லை என்று எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. பலருக்கு இதை யாரும் சொல்வதே இல்லை. விலக்குக் கொடுத்தால் வரவு குறையும் என்ற பயம் பள்ளிக்கு.

கேள்வி: கல்வித் துறை ஆவணம் தர மறுத்தால்?

பதில்: 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி, படிவம் 2-இல் மாகாணக் கல்வித் துறைக்கு எழுதுங்கள். ‘எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் தட்டிக்கழிப்பது சுலபம். பள்ளியின் பெயர், ஆண்டு, ‘குவிண்டைல் நிர்ணயித்த கடிதம்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருமுறை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். மௌனமும் மறுப்புதான். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அனுப்பிய தேதிக்குச் சான்று கையில் இருக்கட்டும்.

கேள்வி: ஒலிப்பதிவில் கவனிக்க வேண்டியது?

பதில்: வெறும் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். திரைச்சீலை, மெத்தை உள்ள அறையில், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்கை வையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பேச்சில்லாமல் ஒரு நிமிடம் பதிவு செய்தால் வெட்டி ஒட்டும்போது உதவும். பிள்ளைகளின் பெயர், வகுப்பு, தெரு மூன்றையும் நீக்கிவிடுங்கள். பெயரை மட்டும் எடுத்தால் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள்.