தார் எஸ் சலாமில் தூதர்களும் உயர் ஆணையர்களும்

கேள்வி: எங்கள் ஊர் முந்திரி ஆலைக்குக் கொட்டை வந்திறங்கும் சாக்குகளில் 'தான்சானியா' என்று அச்சிட்டிருக்கும். அந்நாட்டிலுள்ள இந்தியப் பிரதிநிதியைத் தூதர் என்னாமல் உயர் ஆணையர் என்பது ஏன்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: காமன்வெல்த் நாடுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் பிரதிநிதிக்கு அதுவே பதவிப்பெயர், பிற நாடுகள் அனுப்புகிறவர் தூதர். 1961 டிசம்பர் 9 அன்று விடுதலை பெற்ற தங்கனீக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி), ஓராண்டுக்கு பிரிட்டிஷ் அரசியையே தலைவராகக் கொண்டிருந்ததால், லண்டன் பிரதிநிதி நியமனப் பத்திரம் கொடுப்பதானால் அரசி தமக்கே கடிதம் எழுதியதாகிவிடும் என்ற வேடிக்கையும் இருந்தது. பின்னர் குடியரசாகி, 1964 ஏப்ரலில் சான்சிபார் தீவுகளுடன் இணைந்து இன்றைய தான்சானியா ஆனபோதுதான் உண்மையான தலைவலி தொடங்கியது. சான்சிபார் கிழக்கு ஜெர்மனியை முன்பே அங்கீகரித்திருந்தது. அப்படி அங்கீகரிக்கும் நாட்டோடு தூதரக உறவில்லை என்பதோ மேற்கு ஜெர்மனியின் கொள்கை. அதிபர் நைரேரே கிழக்கு ஜெர்மனிக்கு அன்றைய தலைநகர் தார் எஸ் சலாமில் துணைத் தூதரகம் மட்டும் அனுமதித்தார். அதற்கே மேற்கு ஜெர்மனி ராணுவ உதவியை நிறுத்த, எஞ்சிய அரசு உதவியும் வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஏழை நாட்டுக்கு அது சிறிய துணிச்சல் அன்று. 1965 டிசம்பரில் ரொடீஷியா (இன்றைய ஜிம்பாப்வே) விவகாரத்தால், அதாவது அங்கே வெள்ளையர் சிறுபான்மை அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்ததை பிரிட்டன் அடக்கவில்லை என்று, பிரிட்டனுடனும் உறவை முறித்துக்கொண்டார்; 1968 வரை பிரிட்டிஷ் உயர் ஆணையரின் நாற்காலி காலியாகவே கிடந்தது.