பரிசாக வந்த செடி இலை கொட்டுகிறதே!

கேள்வி: எங்கள் மணிவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவர் பீங்கான் தொட்டியில் ஒரு செடி கொடுத்தார். அடிமரம் கிழங்கு போலப் பருத்திருக்கிறது. இலைகள் கிளை நுனியில் மட்டும். பூ அரளிச் சாயலில், ரோஸ் நிறம். ஒட்டியிருந்த அட்டையில் 'போன்சாய்' என்று மட்டும்தான் இருந்தது. ஆவணி வரை நன்றாகப் பூத்தது. ஐப்பசி மழை பிடித்ததும் இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. வளவு (வீட்டின் நடுமுற்றம்) ஓரத்தில் வைத்து தினமும் தண்ணீர் விடுகிறேன். நர்சரியில் படத்தைக் காட்டினேன். ரோஜா வகை என்று சொல்லி ஒரு டானிக் விற்றார்கள். அதை ஊற்றியும் குணமில்லை. இது என்ன செடி? பிழைக்குமா? பரிசாக வந்ததற்கு நான் கடையில் கேட்க முடியுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, டானிக்கையும் தண்ணீரையும் இன்றே நிறுத்திவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது அடீனியம். பாலைவன ரோஜா என்று விற்பதால்தான் இந்த ரோஜாக் குழப்பம். உங்கள் கண்ணுக்கு அரளி என்று பட்டதே, அதுதான் சரி. இரண்டும் ஒரே குடும்பம். 1775-இல் இதை முதலில் பதிவு செய்தவரும் அரளி இனத்தில்தான் சேர்த்தார். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வறண்ட பூமியில் வளர்வது. பருத்த அடிமரத்தில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு மழையில்லாத மாதங்களைக் கடத்திவிடும். அதற்கு ஓய்வுக்காலம் உண்டு, அப்போது இலை உதிர்வது இயல்பு.

நம் ஊர் மார்கழிக் குளிர் இதை ஒன்றும் செய்யாது. 10 டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களில்தான் குளிருக்குப் பயப்பட வேண்டும். இங்கே எமன் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். அதிலும் வளவு ஓரம் என்றால் நாலு பக்கத் தாழ்வாரத் தண்ணீரும் அங்கேதான் விழும்.

அடிமரத்தைக் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்தால் கவலையே வேண்டாம், செடி ஓய்வெடுக்கிறது. நீர் குறைந்து இலேசாகச் சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை. ஓரிடத்தில் மட்டும் கொழகொழவென்று அமுங்கி, நாற்றமும் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. செடியை வெளியே எடுத்து மண்ணை உதறி, சுத்தமான கத்தியால் பழுப்புச் சதை முழுவதையும் சீவுங்கள். வெள்ளைச் சதை தெரியும்வரை நிறுத்தக் கூடாது, துளி மிஞ்சினாலும் பரவும். பூஞ்சணக்கொல்லித் தூளைத் தடவி, வெட்டுவாய் நன்றாகக் காயும்வரை நிழலில் கிடக்கட்டும். கையுறை கட்டாயம் வேண்டும். இதன் பால் இதயத்தைத் தாக்கும் விஷம், ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளும் ஆடு மாடும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பரிசுக்கென்று விற்கும் பீங்கான் தொட்டிகள் பலவற்றில் அடியில் துளையே இருக்காது. மேலே வெள்ளைக் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் பெயர்த்துவிடுங்கள், மண் காய்ந்ததா என்பதையே அது மறைத்துவிடும். துளையுள்ள சாதாரண மண்தொட்டி போதும். பருமணல், செங்கல் சல்லி, கொஞ்சம் மக்கிய எரு, அவ்வளவுதான். தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் போட்டு நிரப்பினால் மழையில் இறுகிப்போகும்.

வெயில் வந்து சாரல் வராத முகப்புத் திண்ணையில் தை முடியும்வரை இருக்கட்டும். அதுவரை உரம் கூடாது. தண்ணீரும் வேண்டாம், அடிமரம் ரொம்பச் சுருங்கினால் மட்டும் ஒரு டம்ளர் ஊற்றலாம். மாசியில் நுனியில் பச்சை மொட்டு தெரியும்போது வெயிலுக்கு மாற்றி, மண் காயக் காயத் தண்ணீர் விடுங்கள். கிளை வெட்டுவதானால் அப்போது வெட்டலாம். அடிமரத்தில் ஒட்டுப் போட்ட தழும்பு இருந்தால், அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடுங்கள். விட்டால் அது வளர்ந்து, நீங்கள் பார்த்த பூ போய் வேறு பூ வந்து நிற்கும்.

உரிமை பற்றி: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் சம்மதத்துடன் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். எனவே பரிசு என்பது தடையில்லை. ஆனால் மழையில் நனைந்து அழுகியதற்குக் கடையைக் கேட்பது நியாயமாகாது. பெயரே போடாமல், துளையில்லாத தொட்டியில் வைத்து விற்றதைக் கேட்கலாம், அதற்கு உறவினரிடம் பில் இருக்க வேண்டும். டானிக் விஷயத்தில் உங்கள் பக்கம் இன்னும் வலு. செடியைத் தவறாகச் சொல்லி விற்றிருக்கிறார்கள், வாங்கியவரும் நீங்களே. பில்லோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம்.