கைச்செலவு

கேள்வி: மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையால் வயதானவர்களின் மனநலம் தேறுகிறது என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். கைச்செலவுக்கே காணாத காசு மனச்சோர்வை எப்படித் தீர்க்கும்? எங்கள் தெருப் பாட்டி அதை வெற்றிலைக்கும் பேத்தியின் பரோட்டாவுக்கும் தீர்த்துவிடுகிறார். அப்படியே, உங்கள் ஆண்டுச் சந்தாவில் மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா?
(ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர், திருமங்கலம்)

பதில்: கைச்செலவு! எவ்வளவு நாளாயிற்று இந்தச் சொல்லைப் பார்த்து. வீட்டுச் செலவுக்குக் கணக்கு உண்டு. கைச்செலவுக்குக் கணக்குக் கேட்கக் கூடாது, கேட்டால் சண்டை வரும். காலையில் நீங்கள் டீக்கடையில் எத்தனை டீ குடிக்கிறீர்கள், எத்தனை வடை என்று எந்தப் பாட்டியாவது எங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறாரா? நீங்கள் மட்டும் அவருடைய வெற்றிலையை எண்ணியிருக்கிறீர்கள்.

எங்கள் அப்பத்தாவுக்கு மூக்குப்பொடிப் பழக்கம். பென்ஷன் வருவதற்கு முன்பு அதற்குக் காசு வேண்டுமென்றால் சித்தப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்து, முகம் நல்ல முகமாக இருக்கிற நேரம் பார்த்துத் தூணோரம் நிற்கும். சில நாள் நின்றுவிட்டுக் கேட்காமலே திரும்பிவிடும். பிறகு மணியார்டரில் பணம் வரத் தொடங்கியது. தூணோரம் நிற்பது நின்றது. மனநலத்தைப் பற்றி நான் நேரில் பார்த்த பாடம் இவ்வளவுதான்.

1962-இல் தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2011-இல் ஆயிரமானது, 2023-இல் 1,200. மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 200 ரூபாய். 2007-இல் மத்திய அரசு தன் திட்டத்துக்குப் பெயர் மாற்றியபோதும் அதே 200தான், இன்றைக்கும் அதே 200தான். விலைவாசி மட்டும் யாருக்கும் காத்திருக்கவில்லை.

மெக்சிகோவில் 2007-இல் கிராமத்து 70 வயதுக்காரர்களுக்கு மாதம் 500 பெசோ கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு போய் அளந்து பார்த்ததில் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்திருந்தன. கூலி வேலைக்குப் போவதும் குறைந்திருந்தது, ஆனால் கிழவர்கள் மூலையில் முடங்கவில்லை, குடும்பத் தொழிலுக்குத் திரும்பியிருந்தார்கள். உங்கள் பேத்தி பரோட்டாவுக்கும் விடை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பாட்டி பென்ஷன் வாங்கிய வீடுகளில் பேத்திகளின் உயரமும் எடையும் கூடியதாகப் பொருளியலாளர் எஸ்தர் டூஃப்ளோ 2003-இல் எழுதினார். தாத்தா வாங்கிய வீடுகளில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தாத்தாவின் காசு எங்கே போனது? டாஸ்மாக் உள்ள மாநிலத்தில் இருந்துகொண்டு நான் ஊகிக்க விரும்பவில்லை.

மனச்சோர்வை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்பீர்கள். 15 கேள்விகள், ஆம் அல்லது இல்லை. அதில் ஒன்று: வெளியே போய்ப் புதிதாக எதையாவது செய்வதைவிட வீட்டிலேயே இருப்பதை விரும்புகிறீர்களா? அப்பத்தாவிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால், “முட்டி ஒத்துழைச்சா நா ஏன்டா இங்க கெடக்கேன்” என்றிருக்கும். இதை ஆம் கட்டத்தில் குறிப்பதா, இல்லை கட்டத்தில் குறிப்பதா?

கைக்கு வருவோம். மணியார்டர் நாளில் தபால்காரர் அப்பத்தாவின் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டிப் படிவத்தில் அழுத்துவார். ஏழாவது படித்த நான் சாட்சிக் கையெழுத்து. அன்றைக்கு மட்டும் அது தலைவாரி, வெளுத்த சேலை கட்டித் திண்ணையில் காத்திருக்கும். அவர் மோர் குடித்துவிட்டு, மேலூர்ப் பக்கம் யார் போய்ச் சேர்ந்தது, யார் வீட்டில் பெண் சமைந்தது என்று ஒரு சுற்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். நோட்டுகளை எட்டாக மடித்துச் சுருக்குப்பைக்குள் திணித்த பிறகும், அடுத்த இரண்டு நாள் பேச்சு அந்தச் செய்திகளைப் பற்றித்தான்.

இப்போது வங்கி முகவர் கைரேகை இயந்திரத்தோடு வருகிறார். அறுபது வருஷம் களை பறித்து, சாணி தட்டி, பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? என் கண் முன்னால் ஓர் அம்மாள் வலது பெருவிரலை வைத்தார், பதியவில்லை. சேலையில் துடைத்து வைத்தார், பதியவில்லை. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி வந்தார். தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றினார். மற்ற ஒன்பதும் ஆயின. முகவர் பையன் நல்லவன்தான், அலுத்துப்போய், “பதினோராவது வெரல் ஏதாச்சும் இருக்கா பாட்டி?” என்றான். அவர் யோசிக்கவே இல்லை: “இருக்குப்பா, கால்ல பத்து.” வரிசையே சிரித்தது. அன்றைக்கு அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. கேரளத்தில் கூட்டுறவு வங்கி ஆட்கள் வீடு தேடிப் போய்க் கையில் கொடுக்கிறார்கள். காசோடு ஒரு மனித முகமும் வருகிறது.

இந்த இடத்தில் என் பழைய வழக்கு ஒன்று. ஒருமுறை இதே பக்கத்தில் ‘முதியோர் ஓய்வூதியம்’ என்று அச்சிட்டதற்கு, ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் மூன்று பக்கக் கடிதம் எழுதினார். நாங்கள் வாங்குவது ஊதியம், அவர்கள் வாங்குவது உதவி, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பென்ஷன்தான். தமிழில்தான் நாம் ஒருவருக்கு ஊதியமும் இன்னொருவருக்கு உதவியும் கொடுக்கிறோம். நாற்று நட்டவள் எந்தத் தேதியில் ஓய்வு பெற்றாள் என்று அரசிதழில் வராததுதான் வித்தியாசமா என்று பதில் எழுதினேன். நான்காவது பக்கம் வந்தது. ஊர்க்காரர்கள் இந்தச் சண்டைக்கே வராமல் ‘பென்ஷன் காசு’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மனநலம் என்கிறீர்களே, அந்தக் காசு வருவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. திட்டம் ஆதரவற்ற முதியோருக்கானது. ஆகவே விசாரிக்க வருபவர் கேட்பார்: “மகன் சோறு போடுறானா?” நான் பார்த்த இன்னோர் அம்மாளின் மகன் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தான். பேசி ஆறு மாதம். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. “இல்லை” என்று சொன்னால் பணம் வரும். அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “போடுறான் சாமி, போடாம என்ன” என்றார். மனு அத்தோடு போயிற்று. இந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு வயதை மட்டும் பார்த்துக் கொடுத்தால் எத்தனை கோடி கூடும் என்று நிதித்துறை கணக்குப் போடட்டும். என் கணக்கில் அந்த அம்மாள் அன்றைக்கு இராத்திரி தூங்கியிருப்பார்.

சந்தாவில் சலுகை உண்டு. வயதுச் சான்றின் நகல் அனுப்பினால் போதும். மகன் சோறு போடுகிறானா என்று கேட்க மாட்டோம்.