யோபுவின் மனைவி எங்கே போனாள்?

கேள்வி: பைபிளில் வரும், செல்வத்தையும் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து தவித்த யோபுவின் கதையை இன்றைய வாசகர்களுக்குப் புரியும்படி ஒரு தொழிலதிபரின் கதையாக மாற்றி எழுதி அனுப்பியிருந்தேன். பங்குச் சந்தைச் சரிவு, விமான விபத்து என எல்லாவற்றையும் இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். 'பிரசுரிக்க இயலவில்லை' என்று ஒற்றை வரியில் திருப்பிவிட்டீர்கள். வேதக் கதையில் கை வைத்தால் யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்ற பயமா? புது மொழியில் சொல்லாவிட்டால் இளைஞர்கள் இதையெல்லாம் எப்படிப் படிப்பார்கள்?

பதில்: ஒற்றை வரியில் திருப்பியது தவறுதான். உழைத்து எழுதியவருக்குக் காரணம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

பயந்து திருப்பவில்லை. நீங்கள் யோபுவின் கதையில் கை வைக்கவே இல்லை, அதனால்தான் திருப்பினேன். ஆடுகள் பங்குகளாகிவிட்டன, ஒட்டகங்கள் லாரிகளாகிவிட்டன, வீட்டை இடித்துத் தள்ளிய பெருங்காற்று விமான விபத்தாகிவிட்டது. முடிவில் போன பணம் இரண்டு மடங்காகத் திரும்பி வர, கதாநாயகன் புது அலுவலகத்தைத் திறக்கிறான். மூலத்தைப் புரட்டியே பார்க்காதவருக்கும் தெரிந்த கதை இது. சாமான்களை மாற்றினீர்களே தவிர, வீட்டுக்குள் யார் அழுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் யோபுவுக்கு 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர்மாடுகள், 500 கழுதைகள். கடைசியாக வரும் 42-ஆம் அதிகாரத்தில் 14,000, 6,000, 1,000, 1,000. எல்லாம் சரியாக இரண்டு மடங்கு. பிள்ளைகள்? முதலில் 7 மகன்கள், 3 மகள்கள். கடைசியிலும் அதே 7, அதே 3. இறந்துபோன பத்துப் பேரும் கடவுளிடத்தில் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்தால் பிள்ளைகளும் இரண்டு மடங்குதான் என்று விளக்கம் சொன்னவர்கள் உண்டு. நம்பிக்கையுள்ளவருக்கு அது பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கதை எழுத உட்கார்ந்தவருக்கு அந்த எண்ணிக்கை தொண்டையில் முள்ளாகச் சிக்க வேண்டும். ஆடு போனால் ஆடு வாங்கலாம். மூத்த மகன் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்திருந்தபோது கூரை விழுந்து செத்த அந்தப் பத்துப் பேருக்கு என்ன ஈடு?

சரி, பிறகு வந்த பத்துப் பிள்ளைகளைப் பெற்றவள் யார்? நூலில் பதில் இல்லை. யோபுவின் மனைவி இரண்டாம் அதிகாரத்தில் ஒரே ஒரு தடவை வாய் திறக்கிறாள். 'தேவனைத் தூஷித்து, ஜீவனை விடும்' என்கிறது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. அந்த வேளையிலும் கணவனிடம் 'விடும்' என்று மரியாதையாகத்தான் பேசுகிறாள், கவனித்தீர்களா? எபிரேய மூலத்தில் 'தூஷித்து' என்ற இடத்திலுள்ள சொல்லுக்கு நேர்ப்பொருள் 'வாழ்த்து'. சுடுகாட்டை நன்காடு என்று நாம் சொல்கிற மாதிரி, கடவுளைச் சபிப்பதை எழுதக் கூசி மங்கலச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் அவள் பேசுவதே இல்லை. தன் மூச்சே மனைவிக்கு ஆகாமல் போய்விட்டது என்று 19-ஆம் அதிகாரத்தில் யோபு புலம்புகிறான். நல்ல காலம் திரும்பும்போது அவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இந்த மௌனம் பழங்காலத்திலேயே சிலரை உறுத்தியிருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அவளுக்கு ஒரு நீண்ட பேச்சே இருக்கிறது. பெற்ற வயிற்றின் வேதனையெல்லாம் வீணாயிற்றே என்கிறாள். வீடு வீடாக வேலைக்கு அலைகிறேன், பொழுது எப்போது சாயும் என்று காத்துக் கிடக்கிறேன் என்கிறாள். இன்னொரு பழைய யூதக் கதையில், மூன்று அப்பத்துக்காகத் தன் தலைமயிரையே கொடுக்கிறாள். அதை வாங்குகிறவன் அப்பக்காரன் வேடத்தில் வந்த சாத்தான். அதனால், வேதக் கதையோடு சேர்த்து எழுதலாமா என்ற கேள்வி எனக்கு இல்லை. ஒரு வரியைத் தாண்டிப் போக முடியாமல் நின்றவர்கள் அன்றே சேர்த்து எழுதினார்கள்.

உங்கள் கதையில் அவள் இரண்டாம் பக்கத்திலேயே நகைப் பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் நகைப் பெட்டியையா தேடுவாள்? அந்த இடத்தில்தான் நான் கையெழுத்துப் பிரதியை மூடி வைத்தேன்.

நம் மொழியிலேயே வழி இருக்கிறது. சுவிசேஷங்கள் நான்கிலும் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் பேசியதாக ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. அவரைத் தலைவராக வைத்து வீரமாமுனிவர் 1726-இல் 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். இன்னொருவர் ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன். பழைய ஏற்பாட்டில் வரும் யோசேப்பின் கதையை 1933 முதல் 1943 வரை நான்கு நாவல்களாக வெளியிட்டார். அந்த ஆண்டுகளில் அவர் நாட்டை விட்டு வெளியேறி வாழ்ந்தார். சொந்தச் சகோதரர்களால் விற்கப்பட்டு அந்நிய நாட்டில் வாழ்ந்தவனின் கதையின் பிற்பகுதியை அந்நிய நாட்டில் இருந்தபடி எழுதினார். அதற்காக யோசேப்புக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டிவிடவில்லை. அவன் எகிப்திலேயே இருந்தான்.

இளைஞர்கள் படிக்க வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் மூலத்தின் வேகத்தைப் பாருங்கள். ஒரு வேலைக்காரன் ஓடி வந்து மாடுகள் போன செய்தியைச் சொல்கிறான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவன் வருகிறான், அவன் முடிப்பதற்குள் இன்னொருவன், பிறகு நான்காவது ஆள். நான்கு பேரும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: 'நான் ஒருவன்மாத்திரம் தப்பி, அதை உமக்கு அறிவிக்கும்படி வந்தேன்.' ஏழெட்டு வசனங்களுக்குள் ஒரு மனிதனின் உலகம் முடிந்துவிடுகிறது. அதையே நீங்கள் தொலைக்காட்சிச் செய்தி, வழக்கறிஞர், வங்கி மேலாளர் என்று பதினோரு பக்கம் இழுத்திருக்கிறீர்கள். இரண்டில் எது பழசு?

உங்களுக்கு எழுத வருகிறது. மருத்துவமனைக் காட்சியில், சொறிந்து சொறிந்து நகக்கண்ணில் ரத்தம் உறைந்திருக்கும் விரல்களை அவன் போர்வைக்குள் ஒளித்துக்கொள்கிறானே, அந்த வரிக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். திரும்ப எழுதுங்கள். பிற்பாடு பிறந்த மகள்களின் பெயர்களை நூல் சொல்கிறது: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். முதலில் செத்துப்போன பத்துப் பேரில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. பெற்றவளுக்குத் தெரிந்திருக்கும். எமீமாளை முதன்முதலாகத் தொட்டிலில் போட்ட இரவில், தூக்கக் கலக்கத்தில் அவள் வாயில் எந்தப் பெயர் வந்திருக்கும்? அங்கிருந்து தொடங்கி எழுதி, என் பெயருக்கே அனுப்புங்கள்.