கோடு போட்டால் காடு நிற்குமா?

கேள்வி: காட்டை அழித்து வயலாக்குவது விவசாயிகளின் பேராசைதானே? 'இது காடு, இது வயல்' என்று அரசாங்கம் கறாராக ஒரு கோடு போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில்: கோடு போடாமலா இருக்கிறார்கள்? பிரேசிலின் வனச் சட்டத்தைப் பாருங்கள். அமேசான் மழைக்காட்டுப் பகுதியில் ஒருவருக்கு நிலம் இருந்தால், அதில் 80 சதவீதத்தைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும். சொந்த நிலம்தான், ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கில்தான் ஏர் ஓட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மரமும் புல்லும் கலந்து கிடக்கும் பக்கத்துச் செராடோவுக்கு அதே சட்டம் வைத்திருக்கும் அளவு, பெரும்பாலான இடங்களில் வெறும் 20 சதவீதம். 2006-இல் சோயா வாங்கும் பெரிய வணிகர்கள், புதிதாக அழித்த அமேசான் காட்டில் விளைந்த சோயாவைத் தொட மாட்டோம் என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். அமேசானில் மரத்தை வெட்டிச் சோயா போடுவது நன்றாகவே குறைந்தது. செராடோவிலோ டிராக்டர்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மனிதர்களின் ஆசை ஒன்றுதான். சட்டம்தான் வேறு.

அந்தப் பேராசையை வளர்த்தது யார் என்றும் கேட்க வேண்டாமா? பிரேசிலில் 1964 முதல் 1985 வரை நடந்த ராணுவ ஆட்சியில், நிலத்துக்கு உரிமை கோர நிலத்தைப் பயன்படுத்துவதாகக் காட்ட வேண்டியிருந்தது. மரத்தை வெட்டிப் போட்டிருப்பதுதான் அதற்கு அத்தாட்சி! காட்டைக் காடாக வைத்திருந்தவர், 'சும்மா கிடக்கிற நிலம்' என்று அதைப் பறிகொடுக்கும் ஆபத்தில் இருந்தார்.

அமெரிக்காவின் கதை இன்னும் வேடிக்கை. அங்கே 1985-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். எளிதில் மண் அரித்துப்போகும் நிலத்தை உழாமல், 10 முதல் 15 ஆண்டுகள் புல்லோ மரமோ வளர விட்டால் வேளாண்மைத் துறை ஆண்டுதோறும் வாடகை தரும். 2007-இல் அப்படி ஓய்வில் இருந்த நிலம் ஏறத்தாழ 3.68 கோடி ஏக்கர். அதே 2007-இல்தான் பெட்ரோலில் கட்டாயம் கலக்க வேண்டிய உயிரி எரிபொருளின் அளவைச் சட்டம் போட்டுப் பெரிதாக உயர்த்தினார்கள். அந்த எரிபொருளுக்கு மூலப்பொருளான மக்காச்சோளத்தின் விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் மறுபடி உழவுக்குத் திரும்பின. போதாக்குறைக்கு, திட்டத்தின் உச்சவரம்பையே 2014-இல் குறைத்துவிட்டார்கள். 2007-இலிருந்து பத்தாண்டுக்குள் ஓய்வு நிலத்தின் பரப்பு 2.4 கோடி ஏக்கருக்கும் கீழே வந்துவிட்டது. நிலத்தைச் சும்மா விடு என்று ஒரு கை காசு கொடுக்கிறது, உழு என்று இன்னொரு கை சந்தை பிடித்துக் கொடுக்கிறது. அந்த இரண்டாவது கை யாருடையது தெரியுமா? எரிபொருள் கலப்பை நடத்துவது சாட்சாத் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைதான். விலையைப் பார்த்து உழுத விவசாயியைப் பேராசைக்காரர் என்பீர்களா?

மரம் வளர்ப்பதென்றால் நல்லதுதானே என்று அடுத்துக் கேட்பீர்கள். ஸ்காட்லாந்தின் வடக்கே ஃப்ளோ கன்ட்ரி என்று ஆழமான பீட் (பாதி மக்கிய செடிகொடிகள் படிந்த) சதுப்பு நிலம் இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுக் கரிமம் அதற்குள் கிடக்கிறது. 1980-களில், மரம் நட்ட செலவை மற்ற வருமானத்தில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகையைப் பிடித்துக்கொண்டு, பணக்காரர்கள் அங்கே வடிகால் வெட்டி ஊசியிலை மரங்களை நட்டார்கள். சதுப்பு காய்ந்தால் உள்ளே கிடக்கும் கரிமம் காற்றில் கலந்துவிடும். 1988 பட்ஜெட்டில் சலுகை போனது, நடுவதும் அடங்கியது. இன்று சதுப்பைக் காப்பாற்ற அந்த மரங்களையே வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2024-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது.

சரி, அரசாங்கத்தால் எதுவுமே ஆகாதா? ஆகும். கோஸ்டா ரிகா 1996-இல் கோட்டையும் போட்டது, காசையும் கொடுத்தது. காட்டை வேறு பயனுக்கு மாற்றத் தடை, காட்டை வைத்திருப்பவருக்கு எரிபொருள் வரியிலிருந்து உதவித்தொகை. இன்று நாட்டில் பாதிக்கு மேல் காடு. உலகமே கைதட்டுகிறது. ஆனால் அங்கே மரங்கள் திரும்ப முளைக்கத் தொடங்கியது அந்தச் சட்டத்துக்கு முன்பே. மாட்டுப்பண்ணைகளுக்குத் தாராளமாகக் கிடைத்த மலிவுக் கடன் 1980-களில் வற்றியது, மாட்டிறைச்சி விலையும் படுத்தது. மேய்ச்சலுக்காக மொட்டையடித்த சரிவுகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அதனால் மீட்சியில் உதவித்தொகையின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் மதிப்பெண் நின்றுபோன அந்தக் கடனுக்குத்தான்.