மாமியாருக்கு வீட்லயே எனிமா குடுக்கலாமா?

கேள்வி: அக்கா, தென்னாப்பிரிக்கா டர்பன்ல உள்ள சாட்ஸ்வர்த்ல இருந்து எழுதுறேன். மாமிக்கு 74 வயசு, இடுப்பு மாத்தின ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. வலிக்கு கோடீன் மாத்திரை, அது போக சுகர், ப்ரெஷர் மாத்திரையும் உண்டு. அஞ்சு நாளா வெளிக்கு போகல. பக்கத்து வீட்டு ஆன்ட்டி பச்சை பார் சோப்ப வெந்நீர்ல கரைச்சு ரப்பர் பல்ப்ல எனிமா குடுத்துருன்னு சொல்றாங்க. செய்யலாமா?

பதில்: தங்கச்சி, சோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்மா. நம்ம வீடுகள்ல ஸ்கூல் லீவு வந்தா விளக்கெண்ணெய் குடுத்து வயித்த கழுவுன ஆளுங்கதான் நாம எல்லாரும், அந்த பழக்கத்துல ஆன்ட்டி சொல்லியிருப்பாங்க, மனசுல கெட்டது ஒண்ணும் இல்ல, ஆனா சோப்பு குடலோட உள்தோல புண்ணாக்கிரும், ரத்தமே வரலாம். மார்க்கெட்ல விக்கிற வேர், மூலிகை தண்ணியும் அப்படித்தான், அதுல இம்பிலான்னு ஒண்ணு, ஜூலு பாஷையில அதுக்கு ஆரோக்கியம்னு அர்த்தம், ஆனா அது ஈரலையும் கிட்னியையும் சேத்து அழிச்சிரும். சின்ன பிள்ளைங்களுக்கு குடுத்து உயிரே போயிருக்கு.

முதல்ல அவங்க வயித்த பாரு. கல்லு மாதிரி உப்பியிருக்கா, வாந்தி வருதா, காத்து கூட பிரியலையா, காய்ச்சல், ரத்தம், தாங்க முடியாத வலி இருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் எனிமா பேச்சே கிடையாது, ஆம்புலன்ஸுக்கு, 10177க்கு போன் பண்ணு. இன்னொண்ணு, தண்ணி தண்ணியா கொஞ்சம் கசியுதுன்னா பேதின்னு நினைச்சு அதுக்கு மாத்திரை குடுத்துராத, உள்ள இறுகின மலம் அடைச்சுகிட்டு பக்கத்துல தண்ணி மட்டும் வழியிறதா இருக்கலாம்.

கோடீன் குடலையே தூங்க வச்சிரும், அதான் காரணம். அதனால வெறும் இசப்கோல் நார்ப்பொடி பத்தாது, தண்ணியும் சரியா குடிக்கலன்னா அதுவே உள்ள இறுகிக்கும். பார்மசில போய் எல்லா மாத்திரையும் காட்டி மலம் இளக்குற சென்னா, லாக்டுலோஸ் மருந்து கேளு. லாக்டுலோஸ் வேலை செய்ய ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். ஆசனவாயில வைக்கிற கிளிசரின் மாத்திரை சீக்கிரம் வேலை செய்யும், நான் முதல்ல அதத்தான் வச்சு பாப்பேன்.

பார்மசில ரெடிமேடா கிடைக்கிற பாஸ்பேட் எனிமா பாட்டில் ஈசியா தெரியும், ஆனா மாமி வயசுக்கு, சுகர் ப்ரெஷரோட, டாக்டர் சொல்லாம தொடாத. நான் வார்டுல நர்ஸா இருந்தப்ப ஒரு பாட்டிய தூக்கிட்டு வந்தாங்க, ஒண்ணும் வெளிய வரலன்னு மகன் ஒரே நாள்ல மூணு பாட்டில் ஏத்திட்டாரு, பாஸ்பேட் எல்லாம் ரத்தத்துல கலந்து கால்சியம் இறங்கி கை விரல் எல்லாம் இழுத்துகிச்சு, அந்த கைய இன்னும் என்னால மறக்க முடியல. 24 மணி நேரத்துல ஒண்ணுக்கு மேல கூடாது, உள்ள போனது வெளிய வரலன்னா இன்னொண்ணு போடாம உடனே டாக்டருக்கு சொல்லணும்.

கிளினிக் நர்ஸ் சிஸ்டர் சரின்னு சொன்னா மட்டும் உப்பு தண்ணி எனிமா குடுக்கலாம். கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, தராசுல நிறுத்து போடு. அதுல கால் லிட்டர் எடுத்தா அவங்களுக்கு போதும். மணிக்கட்டு உள்பக்கம் ஊத்தி பாத்தா சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. வழக்கமா இடது பக்கம் படுக்க வச்சு முட்டிய நெஞ்சுகிட்ட மடக்க சொல்லுவாங்க, மாமிக்கு அது ஆகவே ஆகாது, புது இடுப்பு கழண்டுரும். ஆபரேஷன் பண்ணது எந்த பக்கம், எப்படி படுக்க வைக்கணும்னு சிஸ்டர்கிட்டயே கேட்டுக்க, முட்டிக்கு நடுவுல தலகாணி கட்டாயம் இருக்கணும். குழாய் முனையில ஜெல்லி நிறைய தடவு, மூச்ச மெதுவா வெளிய விட சொல்லி, தொப்புள் பக்கமா 7, 8 சென்டிமீட்டர் மட்டும் விடு, தடுத்தா தள்ளாத. உப்பு தண்ணி இருக்கிற எனிமா பைய இடுப்புக்கு ஒரு முழத்துக்கு மேல தூக்காத. வயித்த பிடிச்சா பைய இறக்கிட்டு கொஞ்சம் பொறு, வலிச்சா, ரத்தம் தெரிஞ்சா, தலை சுத்துதுன்னா அதோட நிறுத்திரு. கொமோட் நாற்காலி கட்டில் பக்கத்துலயே இருக்கட்டும், அவசரத்துல எந்திரிச்சு ஓடி விழுந்துட்டா அந்த இடுப்பு என்ன ஆகும்னு யோசிச்சு பாரு.

ரூம் கதவ சாத்திக்க. மகன், பேரன் யாரும் உள்ள வர வேண்டாம். ஒவ்வொண்ணும் செய்யறதுக்கு முன்னாடி மாமிகிட்ட சொல்லிட்டு செய், வேண்டாம்னா விட்ரு, மருமக கையால இதெல்லாம் நடக்குதேன்னு அவங்களுக்கு எவ்வளவு கூச்சமா இருக்கும்.

வாய்க்கு பப்பாளி, சுகர் பீன்ஸ்ங்கிற பயறு கறி குடு, சுகருக்கு ஏத்த அளவுல. தண்ணி எவ்வளவு குடிக்கலாம்னு டாக்டர் ஏதாவது அளவு சொல்லியிருந்தா அத மீறாத. இன்னைக்கு ராத்திரியே அவங்க கிளினிக் கார்டையும் கடைசி கிட்னி ரத்த டெஸ்ட் பேப்பரையும் தேடி பைல வச்சிரு, காலைல நீ போனதும் சிஸ்டர் அதத்தான் முதல்ல கேப்பாங்க.