ஆன்லைனில் வாங்கிய புளூடூத் ஹெட்போன் சொன்னபடி இல்லை. ‘ரிட்டர்ன் கிடையாது, ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான்’ என்கிறார்கள். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

ஒருமுறை சார்ஜ் செய்தால் 40 மணி நேரம் பாடும் என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்ததாகவும், உங்களுக்கு 12 மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றும், பொருள் வந்து 4 நாள்கள் ஆகின்றன என்றும், ‘திருப்தி இல்லை’ என்று எழுதியதற்கு வாடிக்கையாளர் சேவையினர் ‘பொருள் வேலை செய்கிறது’ என்று பதில் அனுப்பிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ‘திருப்தி இல்லை’ என்ற சொல்லை இந்த நிமிடத்தோடு விட்டுவிடுங்கள். உங்கள் வழக்கைப் பலவீனப்படுத்துவது அந்த ஒரு சொல்தான்.

பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை, காரணம் எதுவும் சொல்லாமலே 14 நாள்களுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இந்தியாவில் அப்படிப்பட்ட பொதுவான உரிமை சட்டத்தில் இல்லை. பிடிக்கவில்லை, நிறம் ஒத்துவரவில்லை, வேறு மாடல் நன்றாக இருக்கிறது என்றால், அந்தத் தளம் தானாக வகுத்துக்கொண்ட ரிட்டர்ன் கொள்கைதான் முடிவு. ஆனால் பொருள் பழுதானது, போலியானது, அல்லது விளம்பரப்படுத்திய தன்மையோ அம்சமோ அதில் இல்லை என்றால் நிலைமை முற்றிலும் வேறு. நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் 2020-இன் 6ஆம் விதி, இந்தக் காரணங்களில் ஏதாவது ஒன்று இருந்தால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(47), பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள், பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது. ‘ரீப்ளேஸ்மென்ட் மட்டும்’ என்று ஒரு தளம் எழுதி வைத்திருப்பதால் இந்த உரிமை இல்லாமல் போய்விடாது.

இந்த வேறுபாட்டை நான் சொந்த அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டேன். மகளின் கல்லூரிப் படிப்புக்காக ஒரு லேப்டாப் வாங்கினோம். விற்பனைப் பக்கத்தில் 16 ஜிபி ரேம் என்று இருந்தது. வந்ததைத் திறந்து செட்டிங்ஸில் பார்த்தால் 8 ஜிபி. ரிட்டர்ன் கேட்டதும் ஒரு டெக்னீஷியனை அனுப்பினார்கள். அவர் திரையைப் பார்த்தார், கீபோர்டில் ஒவ்வொரு விசையாகத் தட்டினார், சார்ஜரைச் செருகினார், பிறகு தன் மொபைலில் ‘பழுது எதுவும் இல்லை’ என்று பதிந்தார். மெமரி குறைவாக இருக்கிறதே என்று காட்டினேன். “சார், நீங்க சொல்றது சரிதான். ஆனா இந்த ஆப்புல டிஸ்ப்ளே, கீபோர்டு, பேட்டரி, சார்ஜர்னு நாலு கட்டம்தான் இருக்கு. மெமரி கம்மின்னு போட இடமே இல்ல” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் ‘உங்கள் ரிட்டர்ன் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வந்துவிட்டது.

அந்த நான்கு கட்டங்கள் நிறுவனம் வகுத்தவை. சட்டமோ, பொருள் ஓடுகிறதா என்பதோடு நிற்பதில்லை. சொன்னபடி இருக்கிறதா என்றும் கேட்கிறது. உங்கள் ஹெட்போன் பாடுகிறது என்பது அதில் முதல் கேள்விக்கு மட்டுமே பதில்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு ஸ்கிரீன்ஷாட். வாங்குவதற்கு முதல் நாள், ‘அப்பா, இது ஓகேவா?’ என்று கேட்டு மகள் அந்த விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நாங்கள் புகார் செய்த பிறகு அந்தப் பக்கத்தில் 16 என்பது 8 ஆகிவிட்டது. படத்தில் மட்டும் தேதியோடு 16 இருந்தது. ஆகவே வேறு எதையும் செய்வதற்கு முன், 40 மணி நேரம் என்ற வரி தெரியும்படி அந்தப் பக்கத்தையும் உங்கள் ஆர்டர் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். விற்பனையாளரின் பெயர், முகவரி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்; அந்த விவரங்களைத் தர வேண்டியது தளத்தின் கடமை.

உங்கள் விஷயத்தில் ஒன்றை மட்டும் நேர்மையாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரி பற்றிய விளம்பரங்களில் பெரும்பாலும் ‘40 மணி நேரம் வரை’ என்று இருக்கும். கீழே சிறிய எழுத்தில் ஒலியளவு பாதி, இரைச்சல் நீக்கும் வசதி அணைக்கப்பட்ட நிலை என்று நிபந்தனை இருக்கும். அப்படி இருந்தால் அதே நிபந்தனையில் முழு சார்ஜிலிருந்து ஒருமுறை ஓடவிட்டு, தொடங்கிய நேரமும் அணைந்த நேரமும் தெரியும்படி வீடியோ எடுங்கள். அப்போதும் 12 மணி நேரம்தான் என்றால் உங்கள் கோரிக்கையை அசைக்க முடியாது. 35 மணி நேரம் ஓடினால், இதைப் புகாராக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ரீப்ளேஸ்மென்ட்டை ஏற்பதா என்பதும் இதையே சார்ந்தது. உங்களுக்கு வந்த ஒரு பெட்டியில் மட்டும் பேட்டரி கெட்டிருந்தால் மாற்றுப் பொருள் தீர்வாகலாம். அந்த மாடலே சொன்னபடி ஓடாது என்றால், இரண்டாவது பெட்டியிலும் அதே குறைதான் இருக்கும், அதற்குள், புகார் செய்யத் தளம் தந்த 7 நாள் கெடுவும் கடந்துவிடும். ‘வாரன்டி இருக்கிறதே, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்’ என்ற பதிலையும் இதே காரணத்துக்காக ஏற்காதீர்கள். விளம்பரத்தில் இருந்த பொய்யை எந்த சர்வீஸ் சென்டரும் பழுதுபார்த்துத் தர முடியாது.

அடுத்து, வாடிக்கையாளர் சேவையின் சாட் பெட்டியில் மன்றாடுவதை நிறுத்திவிட்டு, குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒவ்வொரு மின் வணிக நிறுவனமும் இந்த அலுவலரை நியமித்து, பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும்; அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு வந்த முதல் பதில், டெக்னீஷியன் அறிக்கையையே திருப்பிச் சொன்னது. 6ஆம் விதியைக் குறிப்பிட்டு, ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, ‘நான் சொல்வது பழுது அல்ல, விளம்பரத்துக்கு மாறான பொருள்’ என்று மறுபடி எழுதினேன். அன்றே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தும் புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசலாம். அவர்கள் நீதிமன்றம் அல்லர், தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். எங்களுக்கு 23ஆம் நாள் பொருளை எடுத்துச் செல்ல ஆள் வந்தார், அடுத்த வாரம் முழுப் பணமும் வங்கிக் கணக்குக்கு வந்தது.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்பனையாளர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. இதைத் தெரியாமலே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இணையவழியிலும் மனு தாக்கல் செய்யலாம். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. தளத்தையும் விற்பனையாளரையும் சேர்த்தே எதிர்தரப்பாக்குங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். சோதனைக்கூட ஆய்வு தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் கூடுதலாகவே ஆகும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரில் ஜிஎஸ்டி பில் வாங்கியிருந்தால், ‘இவர் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர், நுகர்வோரே அல்லர்’ என்று எதிர்தரப்பு வாதிட இடமுண்டு. சொந்த உபயோகத்துக்கு வாங்குவதைச் சொந்தப் பெயரிலேயே வாங்குவது நல்லது.

பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுக்கவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை எங்கும் இல்லை. இருந்தால் நல்ல சான்று, அவ்வளவுதான். திருப்பி அனுப்பும்போது மட்டும் சீரியல் எண், கேபிள், பெட்டி எல்லாம் தெரியும்படி வீடியோ எடுங்கள். எடுத்துச் செல்பவரிடம் ரசீதோ ஒப்புகை எஸ்எம்எஸ்ஸோ வராமல் பொருளைக் கொடுக்காதீர்கள்.

தளம் தந்த அந்த 7 நாள் கெடுவில் உங்களுக்கு இன்னும் 3 நாள்கள் இருக்கின்றன. கெடு முடிந்தாலும் சட்ட உரிமை போய்விடாது என்றாலும், அதற்குள் எழுதிவிட்டால் ஒரு வீண் வாதம் குறையும். மின்னஞ்சலை இப்படித் தொடங்கலாம்: “இத்தனையாம் தேதி, இந்த எண்ணுள்ள ஆர்டரில் பெற்ற ஹெட்போன், தங்கள் தளத்தில் விளம்பரப்படுத்திய 40 மணி நேரப் பேட்டரித் திறனைக் கொண்டிருக்கவில்லை, சோதனை வீடியோவும் விற்பனைப் பக்கத்தின் படமும் இணைக்கப்பட்டுள்ளன. மின் வணிக விதிகள் 2020-இன் 6ஆம் விதிப்படி பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் வழங்கக் கோருகிறேன். மாற்றுப் பொருளை நான் ஏற்கவில்லை.”